கண் மூடாத ஜெபக் கூட்டம்

அந்தக் கூட்டத்தில் எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்றுதான். எல்லோரும் கண்ணை மூடி ஜெபிக்கும்போது நான் மட்டும் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும்.

வேலையைக் கொடுத்தவர் மிஸி. எங்கள் பக்கம் ஆஸ்பத்திரித் தாதியரை மிஸி என்றுதான் கூப்பிடுவோம். இவர் ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகியும் அந்தப் பெயர் போகவில்லை. மலேசியாவில், ஜோகூரின் குளுவாங் பட்டணத்தில் எங்கள் தமிழ் ஆலயத்துக்குப் பின்னால் ஒரு சின்ன மண்டபம் இருக்கிறது. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, மறதி நோய் வந்தவர்களையும் அவர்களை வைத்துப் பார்த்துக்கொள்பவர்களையும் மிஸி அங்கே கூட்டி வைப்பார். ஏழு குடும்பங்கள். இரண்டு பாட்டு, தேத்தண்ணி, உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்த கறிபாப், வீட்டில் படுகிற பாட்டைப் பற்றிக் கொஞ்சம் பேச்சு, கடைசியில் பாஸ்டரின் ஜெபம்.

பாஸ்டரின் ஜெபம் சின்னது என்று அவருடைய மனைவிகூடச் சொல்ல மாட்டார். உலகத்தில் எங்கெல்லாம் சண்டை நடக்கிறதோ அங்கெல்லாம் போய்விட்டுத்தான் குளுவாங்குக்குத் திரும்புவார். அதுவரை எல்லோரும் கண்ணை இறுக மூடிக்கொண்டு தலையைக் குனிந்திருப்பார்கள். நினைவு தப்பியவர்களுக்குக் கண்ணை மூட வேண்டும் என்பதே மறந்து போயிருக்கும். இரண்டாவது கூட்டத்திலேயே, ஜெபம் முடிந்து ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால், ஒரு பாட்டியம்மாவைக் காணவில்லை. பெரிய சாலையைத் தாண்டி, பெட்ரோல் போடும் எண்ணெய் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தார். அன்றைக்கு மிஸி எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். அவருடைய பார்வை என்மேல் வந்து நின்றது.

“அண்ணே, நீங்க எப்படியும் கண்ண மூடுறது இல்ல. இனிமே கதவுகிட்ட ஒக்காருங்க” என்றார்.

உண்மைதான். அன்றைக்கும் என் கண் திறந்துதான் இருந்தது, ஆனால் கறிபாப் தட்டின்மேல் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

நான் கிறிஸ்தவன் இல்லை. என் மனைவிதான். கல்யாணமான நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை அவளைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, மரத்தடியில் காரை நிறுத்திப் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். அவளுக்கு நினைவு தடுமாற ஆரம்பித்த பிறகு, கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போக வேண்டியதாயிற்று. அப்படித்தான் ஆலயத்துக்குள் நுழைந்தேன். முப்பது வருஷம் செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு லோரி ஓட்டியவன் நான். கண்ணை மூடினால் என்ன ஆகும் என்பதைப் பாதி ஜோகூர் சாலைகளில் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்தப் பழக்கம் வரவே வராது.

என் மனைவி இருபத்திரண்டு வருஷம் துணி தைக்கிற தொழிற்சாலையில் வேலை செய்தாள். ஒருநாள்கூடக் கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டதில்லை. நோய் வந்த பிறகு பிற்பகல் நாலு மணியானால் அவளுக்கு இருப்புக் கொள்ளாது. எங்கள் வீடே அவளுக்குத் தொழிற்சாலை ஆகிவிடும். கைப்பையை மாட்டிக்கொண்டு, நேரமாச்சு, பஸ் போயிரும், வீட்டுக்குப் போகணும் என்று கிளம்பிவிடுவாள். இதுதான் வீடு என்று நான் சொல்வேன். அவள் என்னைச் சூப்பர்வைசரைப் பார்ப்பதுபோல் பார்ப்பாள்.

அப்படி ஒருநாள் போயே போய்விட்டாள். நான் குளித்துக்கொண்டிருந்தேன். இரண்டு மணி நேரம் கழித்து, காஹாங் போகும் சாலையில் ஒரு பழக்கடைக்காரர் அவளை நிறுத்தி உட்கார வைத்திருந்தார். லோரிகள் உரசிக்கொண்டு பறக்கிற சாலை அது. அப்படிப் பறந்தவர்களில் நானும் ஒருவன். சிங்கப்பூரில் வேலை செய்யும் எங்கள் ஒரே மகள் அன்றே ஓடி வந்தாள். ஜோகூர் பாருவில் நினைவு தப்பியவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஓர் இல்லம் இருக்கிறது, இன்னொரு தடவை இப்படி நடந்தால் அம்மாவை அங்கேதான் சேர்க்க வேண்டும் என்றாள். சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். நான் இருக்கும்போது இன்னொரு தடவை எப்படி நடக்கும் என்ற திமிரில் கொடுத்த வாக்கு. மறுநாளே கிரில் கதவுகளுக்குப் புதுப் பூட்டு வாங்கிப் போட்டேன்.

பிறகு கொரோனாக் காலம் வந்தது. நடமாட்டக் கட்டுப்பாடு போட்டார்கள். மண்டபத்தைப் பூட்டினார்கள். சிங்கப்பூர் எல்லையையும் மூடினார்கள். மகள் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டாள். வீட்டுக்குள் நானும் இவளும்தான். சனிக்கிழமைக் கூட்டம் நின்றதும் அவள் பேச்சு குறையத் தொடங்கியது. முதலில் பாட்டு போயிற்று. அப்புறம் கேள்விக்குப் பதில் போயிற்று. நான் காலையிலிருந்து தனியாகப் பேசிக்கொண்டிருப்பேன். பிறகு சத்தம் போடுவேன். கை நீட்டியது கிடையாது. ஆனால் கை நீட்டுகிறவனின் குரலில் பேசியிருக்கிறேன். அவள் பயந்து நாற்காலியின் ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்வாள். என்னை நினைத்தாலே எனக்கு அருவருப்பாக இருக்கும். நாலு மணியானால் மறுபடி பை, மறுபடி பஸ், மறுபடி என் சத்தம்.

மிஸி போன் செய்து, கூட்டத்தை இனி ஆன்லைனில் வைக்கலாம் என்று இருக்கிறோம் என்றபோது நான் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருக்கும் ஆளையே யாரென்று தெரியாதவர்களைப் பெட்டிக்குள் இருக்கும் ஆளோடு பேச வைக்கப் போகிறாராம். மிஸி கோபித்துக்கொள்ளவில்லை. வந்து பாருங்கள், பிடிக்காவிட்டால் மூடிவிடுங்கள் என்றார். மகளின் பழைய லேப்டாப் வீட்டில் கிடந்தது. அவள் சிங்கப்பூரிலிருந்து போனிலேயே ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தாள். பெரிய லோரியைச் சந்துக்குள் பின்னால் எடுத்தவனுக்கு, அந்த அம்புக்குறியை ஒரு கட்டத்தின்மேல் கொண்டுபோய் வைக்க முடியவில்லை. மகள் பொறுமையாகத்தான் இருந்தாள். நான்தான் இரண்டு தடவை போனைத் துண்டித்தேன்.

முதல் கூட்டம் ஒரு கூத்து. ஒரு வீட்டில் நெற்றி மட்டும் தெரிந்தது. இன்னொரு வீட்டில் கைப்பேசியை மேசையில் படுக்க வைத்துவிட்டார்கள். ஒரு மணி நேரம் அவர்கள் வீட்டுக் கூரைக் காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எல்லோரும் சேர்ந்து பாடினால் ஒருவர் முதலடியில் இருக்க, இன்னொருவர் மூன்றாம் அடியில் இருந்தார். பாஸ்டர் தன் ஒலியை அடைத்து வைத்துக்கொண்டே ஜெபித்தார். வாய் அசைந்தது, கை உயர்ந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. யாரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் மௌன ஜெபம் என்று நினைத்து எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். அவர் பெருமூச்சு விட்டு முடித்தபோது நான்தான் ஆமென் சொன்னேன்.

என் மனைவி அன்றைக்குச் சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஆலயம் என்றால் சேலை. அது மட்டும் அவள் கைக்கு மறக்கவில்லை. திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எழுந்துபோய் லேப்டாப்புக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். அவ்வளவு பேருடைய உடம்பும் எங்கே போயிற்று என்று தேடினாளோ என்னவோ. திரும்பி வந்து உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை மாதமாகியிருந்தது என்று எனக்குக் கணக்குத் தெரியவில்லை. மூடிவிடலாம் என்றிருந்த நான் என் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

இன்னொருவரிடமும் ஒரு மாற்றம் தெரிந்தது. காஹாங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் தொழிலாளர்களைக் கண்காணிக்கும் மண்டோராக இருந்தவர் அவர். மண்டபத்தில் கூட்டம் நடந்த காலத்தில், வந்ததிலிருந்து போகிறவரை மோவாய் நெஞ்சில் இடிக்கத் தூங்கிக்கொண்டிருப்பார். ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. திரையில் எங்கள் முகங்களெல்லாம் மூன்று வரிசையாக வந்து நின்றதும் மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். ஆள்காட்டி விரலை நீட்டி, ஒவ்வொரு கட்டமாக, உதடு அசைய எண்ணினார். யாராவது புதிதாக உள்ளே வந்தால் முதலிலிருந்து எண்ணுவார்.

“ஒண்ணும் நெனச்சுக்காதீங்க, பெரட்டு எடுக்குறாரு” என்று அவருடைய மனைவி கூச்சத்தோடு சொன்னார்.

பெரட்டு என்றால் தோட்டத்தில் விடியற்காலையில் எல்லாத் தொழிலாளர்களையும் வரிசையாக நிற்க வைத்து ஆள் எண்ணுவது. அந்தக் கணக்குச் சரியாக வராமல் மண்டோர் யாரையும் வேலைக்கு அனுப்ப மாட்டார். பெண்டாட்டி பெயர் மறந்துபோன மனிதருக்கு அந்த வேலை மறக்கவில்லை. ஆனால் ஜெப நேரத்திலும் சத்தமாக எண்ணினார். பாஸ்டருக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று, ஜெபம் தொடங்கும்போது மட்டும் அவருடைய ஒலியை அடைத்துவிடும்படி மிஸி அந்த அம்மாவிடம் சொல்லிக் கொடுத்தார். என்னிடமும் ஒன்று சொன்னார்.

“இப்ப எல்லாரும் அவங்கவங்க வீட்டுக்குள்ளதான இருக்காங்க. நீங்களும் கண்ண மூடிக்கலாம் அண்ணே.”

அன்பாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. இருந்த ஒரே வேலையும் போயிற்று. வீம்புக்கு அடுத்து வந்த கூட்டங்களிலும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. மண்டபத்துக்கு ஒரு கதவுதான். அதற்கு ஒரு காவல் போட்டோம். ஆன்லைனுக்கு வந்த பிறகு ஏழு வீட்டுக் கதவுகள். அந்த ஏழுக்கும் காவல் இல்லாமல், ஏழு வீட்டிலும் ஒரே நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டோம். ஜெபம் என்றால் கண்ணை மூடுவது. அதற்குமேல் யாரும் யோசிக்கவில்லை. ஆள் எண்ணிக்கொண்டிருந்த ஒரே மனிதரின் வாயையும் அடைத்து வைத்தோம்.

நாலாவது கூட்டத்துக்கு எங்கள் மகளும் சிங்கப்பூரிலிருந்து வந்து சேர்ந்தாள். அவளுக்கும் ஒரு கட்டம் கிடைத்தது. அவளுடைய அம்மா அவளை உற்றுப் பார்த்துவிட்டு, எல்லோரையும் பார்ப்பதுபோல அடுத்த கட்டத்துக்குக் கண்ணை நகர்த்திக்கொண்டாள். மகள் சிரித்துச் சமாளித்தாள். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. வெளியே அப்போதுதான் நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. மழை வருமுன் துணி எடுக்கப் பின்பக்கம் போன நான், எங்கள் கட்டத்திலேயே முதுகுக்குப் பின்னால் தெரியும் பின் கிரில்லைப் பூட்ட மறந்திருந்தேன். அது அப்போது எனக்கு நினைவில்லை. நினைவு தப்பியவர்களைப் பற்றித்தான் இவ்வளவும் எழுதுகிறேன், என்னையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பாஸ்டர் ஜெபிக்க ஆரம்பித்தார். சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பிரிந்து கிடக்கும் குடும்பங்களுக்காக என்றார். என் மகளின் பெயரைச் சொன்னார். அடுத்து என் மனைவியின் பெயரைச் சொன்னார். கடைசியில் என் பெயரையும் சொன்னார். என் பெயரை யாரும் அப்படி ஓரிடத்தில் எடுத்து வைத்துப் பேசி நான் கேட்டதில்லை. மகள் என் முகத்தைப் பார்த்துவிடக் கூடாது என்று குனிந்தேன். கண்ணை மூடினேன்.

எவ்வளவு நேரம் மூடியிருந்தேன் என்று தெரியாது. ஜெபத்தின் நடுவில் திடீரென்று ஒரு முரட்டுக் குரல் புகுந்தது.

“ஓராளு கொறையுது.”

கண்ணைத் திறந்தேன். மண்டோர் விரலை நீட்டிக்கொண்டு நின்றிருந்தார். அடைத்த ஒலிக்குள் அவர் கத்திக் கத்திப் பார்த்திருக்கிறார். மனைவி கண்ணை மூடியபடியே உஷ், உஷ் என்று தொடையில் தட்டியிருக்கிறார். கடைசியில் அவர் அந்த அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கவும், அம்மா கண்ணைத் திறந்து திரையைப் பார்த்துவிட்டு ஒலியைத் திறந்துவிட்டிருக்கிறார். இதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. அந்த நொடியில் எனக்குத் தெரிந்தது என் பக்கத்து நாற்காலி மட்டும்தான். அதில் யாரும் இல்லை.

பஸ் நினைவுதான் முதலில் வந்தது. எழுந்து வாசல் பக்கம் ஓடினேன்.

“முன்னால இல்லடா. பொறவாச. பொறவாசப் பக்கம் போச்சு, செவப்புச் சீல.”

என்னை டா போட்டுக் கூப்பிட்ட ஆட்கள் குறைவு. கூப்பிட்டவர்களிடம் மல்லுக்கு நின்றிருக்கிறேன். அன்றைக்குத் திரும்பி ஓடினேன்.

எங்கள் குடியிருப்புத் தாமானில் வீடுகளுக்குப் பின்னால் ஒரு பெரிய லோங்காங் ஓடுகிறது. ஆள் உயரத்துக்குமேல் ஆழமான சிமெண்ட் கால்வாய். மழை விட்டால் சுற்றுவட்டாரத் தண்ணீரெல்லாம் அதில்தான் செம்மண் நிறத்தில் இரைந்துகொண்டு போகும். அதன் விளிம்பில் அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் பை. ஒரு காலில் செருப்பு இல்லை. அந்தச் செருப்பு கீழே ஏதோ கிளையில் சிக்கி ஆடிக்கொண்டிருந்தது. அதை எடுக்கக் கையை நீட்டி, உடம்பைக் கீழே சாய்த்துக்கொண்டிருந்தாள்.

வாய்வரை வந்த சத்தத்தை விழுங்கினேன். சத்தம் போட்டால் அவள் மிரண்டு நகர்வாள் என்பது எனக்குத் தெரியும்; என் சத்தத்துக்கு நகரப் பழகியவள் அவள். மெதுவாக நடந்துபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, முழங்கைக்குமேல் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் திரும்பிப் பார்த்தாள்.

“பஸ்ஸு வந்துருச்சா?”

“வந்துருச்சு. வா போவோம்.”

உள்ளே கூட்டிவந்தபோது திரையில் ஒருவர்கூடப் போயிருக்கவில்லை. அத்தனை கண்களும் திறந்திருந்தன. பாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். மகள் தன் கட்டத்தில் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். கடக்க முடியாத எல்லைக்கு அப்பாலிருந்து, காலி நாற்காலி இரண்டையும் அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். மண்டோர் விரலை நீட்டி மறுபடி முதலிலிருந்து எண்ணினார். எங்கள் கட்டத்துக்கு வந்து, இவளையும் என்னையும் எண்ணிவிட்டு, சரி என்று உட்கார்ந்தார்.

அன்று மாலை மகள் போன் செய்தாள். அவள் சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். அவள் போடவில்லை. எல்லை திறந்ததும் வருவதாகவும், அம்மாவைக் கூட்டிக்கொண்டு அந்த இல்லத்தைப் போய்ப் பார்க்கலாம் என்றும் சொன்னாள். நீங்க சொன்னீங்கதானப்பா என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். சொன்னேன்தான். எந்த முகத்தை வைத்துக்கொண்டு இல்லை என்பது? நாற்பது வருஷம் கூடவே இருந்தவளை யார் கையிலோ கொடுத்துவிட்டு, இந்த வீட்டுக்குத் திரும்பி வந்து கதவைப் பூட்டிக்கொள்வதை நினைத்துப் பார்த்தேன். பூட்டுவதற்கு யாருமே இருக்க மாட்டார்கள்.

மறுநாள் மிஸி அழைத்தார். இருந்த கோபத்தையெல்லாம் அவர்மேல் கொட்டினேன். கண்ணை மூடச் சொன்னது நீங்கள்தானே என்றேன். ஆமாண்ணே, என் தப்புதான் என்றார். தப்பை ஒத்துக்கொண்டவரிடம் எப்படிச் சண்டை போடுவது என்று எனக்குத் தெரியாது. பிறகு, ஒரு நாளில் எந்த நேரம் உங்களுக்கு ரொம்பக் கஷ்டம் என்று கேட்டார். அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. நாலு மணி என்றேன்.

அப்படியானால் தினமும் நாலிலிருந்து ஐந்துவரை லேப்டாப்பைத் திறந்து வையுங்கள், எங்களில் யாராவது ஒருவர் அந்தப் பக்கம் இருப்போம், நீங்கள் பாட்டுக்குச் சமைக்கலாம், குளிக்கலாம் என்றார். என் வீட்டுக்குள் யாரும் எட்டிப் பார்க்கத் தேவையில்லை என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன்.

“மண்டபத்துல எங்க எல்லார் வீட்டு ஆளையும் நீங்க பாத்துக்கிட்டீங்க. உங்க வீட்டு ஆள நாங்க பாத்துக்கக் கூடாதா அண்ணே?”

அன்றைக்கே நாலு மணிக்குத் திறந்து வைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை பாஸ்டர், இந்தக் கூட்டத்தில் இனி யாரும் கண்ணை மூடி ஜெபிக்க வேண்டாம் என்று அறிவித்தார். கர்த்தருக்கு நம் கண் திறந்திருந்தாலும் கேட்கும் என்றார். சொன்னாரே தவிர அவருக்குத்தான் கஷ்டமாக இருந்தது. எல்லோரும் முகத்துக்கு நேராகத் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் தடுமாறினார். ஜெபம் பாதியாகக் குறைந்துவிட்டது. அதற்காகவே நான் கர்த்தருக்கு நன்றி சொன்னேன். மண்டோரின் ஒலியை அதற்குப் பிறகு யாரும் அடைக்கவில்லை. அவர் எண்ணி, சரி என்று சொன்ன பிறகுதான் கூட்டம் தொடங்கும்; எண்ணிச் சரி என்று சொன்ன பிறகுதான் கலையும். பேச்சே இல்லாமல் இருந்தவருக்கு அந்த ஒரு வார்த்தை திரும்பக் கிடைத்ததில், அவர் மனைவி ஒருநாள் எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டார்.

நாலு மணிக்குத் திங்கட்கிழமை மண்டோர் வீடு, செவ்வாய் மிஸி, அப்படி முறை வைத்துக்கொண்டோம். எங்களைப் பார்த்து மற்ற வீடுகளும் கேட்டன. போகப் போக ஏழு வீடும் அந்த ஒரு மணி நேரம் திறந்தே கிடந்தது. பெரிதாக ஒன்றும் பேச மாட்டார்கள். ஒருவர் கீரை ஆய்வார், ஒருவர் துணி மடிப்பார். என் மனைவி பையை மாட்டிக்கொண்டு எழுந்தால், எங்கக்கா கெளம்பிட்டீங்க என்று அங்கிருந்து ஒரு குரல் வரும். பஸ்ஸு என்பாள். பஸ் இன்னும் வரலக்கா, ஒக்காருங்க என்பார்கள். நான் சொன்னால் எடுபடாதது, நாலு பெண்கள் சொன்னால் எடுபட்டது. உட்கார்ந்துவிடுவாள். நானும் நிம்மதியாகக் குளித்தேன். சத்தம் போடுவது எப்போது குறைந்தது என்று எனக்கே தெரியவில்லை.

எங்கள் மகள் தினமும் வந்தாள். வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்ததால், வேலைக்குப் பக்கத்திலேயே எங்களையும் திறந்து வைத்துக்கொள்வாள். அவள் அம்மா ரொம்ப மரியாதையாக, உங்க வீடு எங்க என்று கேட்பாள். முதல் நாள் அந்தக் கேள்வி வந்ததும் மகளின் கட்டம் இருட்டாகிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் முகத்தைக் காட்டினாள். பிறகு அவளும் பழகிக்கொண்டாள். சிங்கப்பூர்ல இருக்கேன் என்பாள். இவள் முகம் மலர்ந்துவிடும்.

“சிங்கப்பூரா? என் மவ அங்கதான் வேல செய்யிது. நல்ல புள்ள. கோவம் மட்டும் அவ அப்பன மாதிரி.”

மகள் என்னைப் பார்ப்பாள். நான் கூரையைப் பார்ப்பேன். இப்படியே ஒரு வருஷத்துக்குமேல் ஓடியது. மண்டபத்தைத் திறந்து சனிக்கிழமைக் கூட்டம் பழையபடி அங்கே நடந்தபோதும், நாலு மணியை யாரும் விடவில்லை.

கடைசியில் எல்லையையும் திறந்தார்கள். மகள் வருகிற நாளைச் சொன்னாள். மறுநாள் காலையில் இல்லத்தைப் பார்க்க நேரம் வாங்கியிருப்பதாகவும் சொன்னாள். அவள் மறந்துவிடுவாள் என்று நான் நம்பிக்கொண்டிருந்தது முட்டாள்தனம். அவள்மேல் தப்பும் இல்லை. அந்தச் சனிக்கிழமை காலி நாற்காலியைப் பார்த்தவள் அவள். இத்தனை மாதமாக எதுவும் நடக்கவில்லையே என்று சொல்லிப் பார்த்தேன். நடக்கிற ஒரு நாள் போதும்பா என்றாள். அன்றிரவு அலமாரியைத் திறந்து, இவள் எந்தச் சேலைகளைக் கொண்டுபோவாள் என்று பார்த்தேன். ஒன்றையும் எடுக்க மனம் வரவில்லை.

மகள் வந்தபோது மணி மூன்றுகூட ஆகவில்லை. கிரில்லைத் திறந்துவிட்டேன். இளைத்திருந்தாள். எனக்கு உள்ளூர ஒரு பயம் இருந்தது. எல்லை மூடுவதற்குமுன் அவள் கடைசியாக வந்திருந்தபோது, யார் இது, ஏன் வீட்டுக்குள் வருகிறாள் என்று என் மனைவி என் பின்னால் ஒளிந்தவள். மகள் அதை மறந்திருக்கவில்லை. வாசலிலேயே நின்றுவிட்டாள்.

என் மனைவி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். தலையைத் தூக்கி மகளைப் பார்த்தாள். மூடிக் கிடந்த லேப்டாப்பைப் பார்த்தாள். மறுபடி மகளைப் பார்த்தாள். எழுந்து, மெதுவாக நடந்து, அவளிடம் போனாள்.

“நாலு மணிக்கு வருவியே, அந்தப் புள்ளதான நீ?”

மகள் என்னைப் பார்க்கவில்லை. “ஆமாம்மா, நான்தான்” என்றாள்.

“எப்பப் பாரு அங்கேருந்தே பேசிட்டுப் போயிருவ. உள்ள வா. இன்னைக்கி இங்கயே ஒக்காரு.”

கையைப் பிடித்துக் கூட்டிவந்து, தன் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தாள். சாப்பிட்டியா என்று கேட்டாள். கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். மகள் என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்தவள் என்று தெரிந்துவிட்டது. பிடித்த கையை அவள் விடவே இல்லை. மகள் இடது கையாலேயே தேத்தண்ணி குடித்தாள்.

நான் கோப்பையை எடுக்கப் போனபோதுதான் மகள் பேசினாள்.

“நாளைக்கு அங்க போவ வேணாம்பா. அங்க போனா நாலு மணி ஆளுங்கள அம்மா எங்க போய்த் தேடுவாங்க? நான் போன் பண்ணிச் சொல்லிர்றேன்.”

சரி என்றேன். சமையலறைக்குப் போய், குழாயை முழுதாகத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் நன்றாக அழுதேன்.